இ.ஆர்.பி.யும் பழவேற்காட்டுப் பாடும்

இ.ஆர்.பி. என்றதும் கண்ணாடிக் கட்டடம், ஏ.சி. அறை, கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய கன்சல்டன்ட், இதெல்லாம்தான் நம் மனதில் வரும். எம்.பி.ஏ. வகுப்பில் எங்களுக்கும் அப்படித்தான் சொல்லித் தருகிறார்கள். எண்டர்பிரைஸ் ரிசோர்ஸ் பிளானிங், தமிழில் நிறுவன வளத் திட்டமிடல். கொள்முதல், கிடங்கு, உற்பத்தி, விற்பனை, சம்பளம் என்று ஆளுக்கொரு நோட்டில் கிடக்கும் கணக்கையெல்லாம் ஒரே இடத்துக்குக் கொண்டு வருவதுதான் விஷயம். விற்பனைப் பிரிவில் ஒருவர் ஆர்டரைப் பதிந்தால் கிடங்கில் இருப்பு தானாகக் குறையும், கணக்குப் பிரிவில் பில் தயாராகும், யாரும் யாருக்கும் போன் போட வேண்டாம். 1990ல் கார்ட்னர் நிறுவனம் இந்தப் பெயரை வைத்தது. நம் சென்னையின் ராம்கோ சிஸ்டம்ஸ்கூட 1990களில் 'மார்ஷல்' என்ற பெயரில் சொந்தமாக ஒன்றைச் செய்து விற்றது.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பணத்தைக் கொட்டிய பெரிய பெரிய கம்பெனிகளே இதில் கவிழ்ந்திருக்கின்றன. ஏன் என்று கேட்டால் 'மாற்ற மேலாண்மை சரியில்லை', 'மேலிடத்து ஆதரவு இல்லை' என்று பாடப் புத்தகம் ஒரு பட்டியல் தரும். பரீட்சைக்கு அது போதும். எனக்கு விஷயம் புரிந்தது வேறு ஒரு ஏற்பாட்டைப் பற்றிப் படித்தபோதுதான். அது நடப்பது சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பழவேற்காடு ஏரியில். கம்ப்யூட்டரே இல்லாத வளத் திட்டமிடல்.

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உப்பங்கழி ஏரி இது. பெரும்பகுதி ஆந்திராவில், தெற்கு ஓரம் மட்டும் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். கடலிலிருந்து முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் இறால் வரும். அதைப் பிடிக்க நல்ல இடங்கள் கொஞ்சம்தான், வலை போடுபவர்களோ நிறைய. எல்லா இடமும் ஒன்றல்ல. ஓரிடத்தில் வலை நிறையும், இன்னோரிடத்தில் பாசிதான் வரும். யார் முந்துகிறாரோ அவருக்கே என்று விட்டால் தினமும் வெட்டுக்குத்துதான்.

இதற்குக் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம், ஆண்டிகுப்பம் முதலிய ஊர்களின் பட்டினவர் சமூகம் வைத்திருக்கும் ஏற்பாட்டின் பெயர் 'பாடு'. சுத்து வலை போடும் இடங்களுக்குப் பாடு என்று பெயர். உரிமை உள்ளவர்கள் குழுக்களாகப் பிரிவார்கள், எந்தக் குழுவுக்கு எந்த இடம் என்று சீட்டுக் குலுக்குவார்கள், பிறகு முறை வைத்துச் சுழற்றுவார்கள். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு இன்னொரு நாள் சுமாரான இடம். முறை மீறினால் ஊர்ப் பஞ்சாயத்தில் அபராதம். ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்புக்காக செபாஸ்டியன் மேத்யூ 1991ல் இதைப் பற்றி ஓர் ஆய்வே எழுதியிருக்கிறார். கேரளக் காயல்களிலும் இலங்கையின் நீர்கொழும்பிலும் இதே மாதிரி ஏற்பாடுகள் உண்டு.

வளம் குறைவு, கேட்பவர் அதிகம், நேரம் முக்கியம். ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷினை யாருக்கு எப்போது ஒதுக்குவது என்ற கேள்வியும் இதேதான். அப்படியிருக்க, கோடி ரூபாய் மென்பொருள் தோற்கிறது, சீட்டுக் குலுக்கல் தலைமுறை தலைமுறையாக ஓடுகிறது. என்னைப் பொறுத்தவரை காரணம் எளிது. பாட்டில் விதி முதலில் வந்தது. அந்த விதியை வகுத்தவர்கள் அதே தண்ணீரில் இறங்குபவர்கள். சீட்டு எல்லார் கண் முன்னாலும் எடுக்கப்படுகிறது. தவறு நடந்தால் அன்றைக்கே நஷ்டப்படுபவர் அங்கேயே நிற்கிறார், சும்மா விடமாட்டார். கம்பெனிகளில் இது தலைகீழ். மென்பொருளை முதலில் வாங்கிவிட்டு, விதி என்ன என்று பிறகு தேடுகிறார்கள்.

போன வருடம் இன்டர்ன்ஷிப் போன ஒரு தொழிற்சாலையில் (பெயர் வேண்டாமே) கிடங்குப் பொறுப்பாளர் ஒருவர் இருந்தார். மேஜையில் கம்ப்யூட்டர், டிராயருக்குள் ஒரு நீளக் கணக்கு நோட்டு. லாரி வந்தால் நோட்டில்தான் எழுதுவார். சாயங்காலம் ஆறு மணிக்கு நோட்டைப் பார்த்து மொத்தமாகக் கணினியில் ஏற்றுவார். ஏன் சார் என்று கேட்டேன். "தம்பி, லாரிக்காரன் சரக்கோட வாசல்ல நிப்பான். இது பி.ஓ. நம்பர் இல்லாம உள்ளயே விடாது. ஆபீஸ்ல பி.ஓ. போடுறது மறுநாள்தான். நான் என்ன செய்ய?" என்றார். பகல் முழுக்க அந்த நிறுவனத்தின் கணினி சொல்லும் இருப்பு பொய். மாதம் ஒரு முறை மேலதிகாரிகள் அந்தப் பொய்யை வண்ண வண்ண வரைபடமாகப் போட்டுப் பார்க்கிறார்கள்! சரக்கு வந்த பிறகு பி.ஓ. போடும் பழக்கம் அங்கே பல வருடமாக இருக்கிறதாம். அதை நிறுத்துவதா, அதற்கு ஒரு வழி வைப்பதா என்று இவரைக் கேட்டு முடிவெடுத்திருந்தால் அந்த நோட்டுக்கே வேலை இருந்திருக்காது.

இது நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் என்று நினைக்க வேண்டாம். ஜெர்மனியின் லிடில் கடைகள் 2011ல் எஸ்.ஏ.பி. திட்டத்தைத் தொடங்கி, 2018ல் சுமார் 50 கோடி யூரோ செலவான பிறகு கைவிட்டன. லிடில் தன் சரக்கை வாங்கிய விலையில் மதிப்பிடும், மென்பொருளோ விற்கும் விலையில் மதிப்பிடும். லிடில் தன் வழக்கத்தை விடவில்லை, மென்பொருளை வளைத்தார்கள். வளைத்துக்கொண்டே போனதில் விழி பிதுங்கிவிட்டது. இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகராட்சி 2022ல் ஆரக்கிளுக்கு மாறி, வரவுசெலவை வங்கிக் கணக்கோடு ஒத்துப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தது.

நம் வழக்கங்களில் எது பாடு மாதிரி காரணத்தோடு வந்தது, எது வெறும் சோம்பல் பழக்கம் என்று பிரிப்பதுதான் இந்த வேலையின் கடினமான பகுதி. முதல் வகையைக் காப்பாற்ற மென்பொருளை மாற்றலாம், தப்பில்லை. இரண்டாவது வகைக்காக ஒரு வரி நிரல்கூட எழுதக் கூடாது. இதை வெளியிலிருந்து வரும் கன்சல்டன்ட் செய்ய முடியாது, அவர் ஆறு மாதத்தில் அடுத்த கம்பெனிக்குப் போய்விடுவார்.

நிற்க. பாட்டைத் தலையில் தூக்கி வைத்து ஆடுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அதில் பெரிய ஓட்டை ஒன்று இருக்கிறது. உரிமை பட்டினவர் சமூக ஆண்களுக்குத்தான். ஏற்றுமதியால் இறாலுக்கு விலை ஏறிய பிறகு வெளியே இருந்த மற்ற சமூகத்தாரும் சுத்து வலை போட உரிமை கேட்டார்கள், மோதல்கள் வந்தன. குலுக்கல் எவ்வளவு நேர்மையாக நடந்தாலும், குடத்தில் சீட்டே இல்லாதவனுக்கு அதனால் என்ன லாபம்? இருளர் பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்தபடி, தண்ணீருக்குள் தவழ்ந்து, கையால் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். வலை இல்லை, படகு இல்லை, பாடும் இல்லை.

இ.ஆர்.பி.யில் இதற்கு 'மாஸ்டர் டேட்டா' என்று பெயர். அதில் இல்லாத பொருளை வாங்க முடியாது, அதில் இல்லாத ஆளுக்குச் சம்பளம் போட முடியாது. கண்ணெதிரே நின்றாலும் கணினிக்கு அவர் இல்லை.

இதை இப்போது பேசக் காரணம் உண்டு. மத்திய அரசின் மீன்வளத் துறை 2024 செப்டம்பரில் தேசிய மீன்வள டிஜிட்டல் தளத்தைத் தொடங்கியிருக்கிறது. மீன்பிடித் தொழிலில் இருப்பவர்களுக்கு வேலை அடிப்படையில் ஒரு டிஜிட்டல் அடையாளம், அதை வைத்துக் கடன், காப்பீடு என்று திட்டம். படகுகளைப் பதிய ரியல்கிராஃப்ட் என்ற தளம் முன்பே இருக்கிறது. ஒரு நாட்டின் மீன்பிடித் தொழில் முழுவதற்கும் இ.ஆர்.பி. போடுவது போன்ற வேலை இது. நான் இதற்கு எதிரி அல்ல. வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அதற்காக அவர் சொன்ன விலைக்கே மீனைக் கொடுப்பவருக்கு வங்கிக் கடன் கிடைத்தால் பெரிய விஷயம். ஆனால் படகிலிருந்து தொடங்கும் பட்டியலில் படகில்லாதவர் வரமாட்டார். 2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணப் பட்டியல்களில் தலித்துகளும் இருளர்களும் விடுபட்டதைப் பற்றி அப்போதே அறிக்கைகள் வந்தன. அன்று பட்டியல் எழுதியவரிடம் நேரில் போய்ச் சண்டையாவது போடலாம். 'பதிவு இல்லை' என்று சிவப்பு எழுத்தில் காட்டும் திரையிடம் யார் சண்டை போடுவது?

அதனால் பழவேற்காட்டுக்குப் பதிவு முகாம் போகும்போது அதிகாரிகள் முதல் நாளே லேப்டாப்பைத் திறக்க வேண்டாம். யார் யார், என்னென்ன வழியில் இந்த ஏரியில் பிழைக்கிறார்கள் என்று காகிதத்தில் எழுதட்டும். குப்பத்தில் மட்டும் உட்காராமல் இருளர் குடியிருப்பிலும் ஒரு வாரம் உட்காரட்டும். எழுதிய பெயர்களை ஊர் நடுவில், குலுக்கல் நடப்பது போலவே எல்லார் முன்னாலும் உரக்கப் படிக்கட்டும். விட்டுப்போனவர் அங்கேயே எழுந்து சொல்வார். அதன் பிறகு கணினியில் ஏற்றினால் போதும்.

எந்த மாதத்தில் போகிறோம் என்பதும் முக்கியம். ஹெர்ஷி சாக்லேட் கம்பெனி 48 மாத வேலையை 30 மாதத்தில் முடிக்கப் பார்த்து, 1999 ஜூலையில், ஹாலோவீன் ஆர்டர்கள் குவியும் நேரத்தில் புதிய மென்பொருளுக்கு மாறியது. கிடங்கில் சாக்லேட் இருந்தும் சுமார் 10 கோடி டாலர் ஆர்டர்களை அனுப்ப முடியவில்லை. மழைக்குப் பிறகு முகத்துவாரம் திறந்து இறால் நடமாடும் மாதங்கள்தான் பழவேற்காட்டின் ஹாலோவீன். அந்த நேரத்தில் படிவம் நிரப்பக் கூப்பிட்டால், கரையில் சும்மா இருப்பவர்களின் பெயர்தான் பட்டியலில் ஏறும்.