யோக்கியதைக்கு மூன்று வாசல்

அமெரிக்காவில் பெரிய காலேஜுகளில் இடம் கிடைப்பது யோக்கியதை ஒன்றினாலேயே என்றும், அங்கு பிறப்பும் இல்லை, சிபார்சும் இல்லை என்றும் நம் நாட்டு யோக்கியதைப் பிரசங்கிகள் ஓயாமல் சொல்லி வருகின்றார்கள். அந்த யோக்கியதையின் யோக்கியதையைச் சற்றுப் பார்ப்போம்.

ஹைஸ்கூல் பிள்ளைகளைப் பெரிய காலேஜுகளில் சேர்த்துவிட யோசனை சொல்லுவது அங்கு ஒரு தொழில். அத்தொழில் நடத்திய ரிக் சிங்கர் என்பவர் 2019ல் வழக்கில் சிக்கினார். பணக்காரப் பெற்றோர்களிடம் சுமார் 2½ கோடி டாலர் வாங்கி, பரீக்ஷை விடைகளைத் திருத்த வைத்தும், படகுப் போட்டியே அறியாத பிள்ளைகளைப் படகு வீரர்கள் என்று காட்டியும் உள்ளே நுழைத்திருக்கின்றார். அந்தப் பணத்தை வாங்கிப் போட ஒரு தர்ம ஸ்தாபனம் வேறு! கொடுத்தவர்களில் சிலர் அதைத் தர்மம் என்று எழுதி வரியிலும் கழித்துக் கொண்டார்கள். உண்டியலில் போட்டுப் பாவம் தீர்க்கும் நம்மவர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

காலேஜுக்கு மூன்று வாசல் என்பது சிங்கரின் கணக்கு. படித்து நுழைவது முன்வாசல். காலேஜுக்கே பெருந்தொகை நன்கொடை கொடுப்பது கொல்லைப்புற வாசல். அதைவிட மலிவானது தம்முடைய பக்கவாசல். 2023 ஜனவரியில் அவருக்கு மூன்றரை வருஷ தண்டனை கிடைத்தது. சரி, பக்கவாசல் அடைபட்டது. கொல்லைப்புற வாசல்? அது சட்டப்படி நடந்த வியாபாரமாதலால் அதற்கு ஒருவரும் ஜெயிலுக்குப் போகவில்லை.

நிற்க, பணத்தைவிடப் பழையது பிறப்பு. 1636ல் ஏற்பட்ட ஹார்வர்டு காலேஜ், 18ஆம் நூற்றாண்டில் வெகுகாலம் மாணவர் பெயர்களைத் தகப்பன்மார் அந்தஸ்து வரிசையில்தான் எழுதி வைத்தது. பிறகு பரீக்ஷை வந்தது. பரீக்ஷை என்றதும் யூதப் பிள்ளைகள் படித்துத் தேறி, 1922க்குள் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வந்துவிட்டார்கள். உடனே தலைவர் லோவெல் அவர்களுக்கு மார்க்கு கசந்துவிட்டது. 1926ல் மார்க்கு மாத்திரம் போதாது, "குணமும்" பார்க்க வேண்டும் என்றாகிவிட்டது. யாருடைய குணத்தை யார் பார்ப்பது என்று விளக்க வேண்டியதில்லை.

இன்றோ? 2018ல் கோர்ட்டில் வெளிவந்த கணக்கின்படி, ஹார்வர்டில் படித்தவர்களின் பிள்ளைகள் மனுப் போட்டால் 100க்கு 33 பேருக்கு மேல் இடம்; மற்றவர்களுக்கு 6 பேருக்குக்கூட இல்லை. இதற்குப் பெயர் பாரம்பரியமாம்! வருணாசிரமம் என்று சொன்னால் என்ன குறைந்துவிடும்? 2023 ஜூனில் சுப்ரீம் கோர்ட், கறுப்பின மக்களுக்கும் பிற சிறுபான்மையோருக்கும் காட்டி வந்த கவனிப்பைச் சட்டவிரோதம் என்றது. தகப்பன் படித்தான் என்பதற்காகக் காட்டும் கவனிப்போ அத்தீர்ப்பினால் அசையவில்லை.

1928ல் முத்தையா முதலியார் நம் மாகாணத்தில் உத்தியோகங்களுக்கு வகுப்புவாரி உத்தரவை அமலுக்குக் கொண்டுவந்தபோது கிளம்பிய "யோக்கியதை போச்சு" கூச்சலும் இந்த ரகந்தான்.

உதவி செய்வதை நாம் குற்றம் சொல்லவில்லை. கூலிக்காரன் மகளுக்கும் எந்தக் காலேஜுக்கு எழுதுவது, உபகாரச் சம்பளத்துக்கு எப்படி மனுப் போடுவது என்று சொல்ல ஆள் வேண்டும். அந்நாட்டுப் பள்ளி ஆலோசகர்களின் சங்கமே ஒருவருக்கு 250 பிள்ளைகள்தான் இருக்கலாம் என்கிறது. சமீப வருஷங்களில் சராசரி 370க்கும் மேல். பணக்காரப் பிள்ளைக்கோ பரீக்ஷைக்கு ஒருவர், கட்டுரைக்கு ஒருவர், பேட்டிக்கு ஒருவர். நாலு பேர் தோளில் சுமந்து வந்து இறக்கினால் யோக்கியதை; சர்க்கார் கை கொடுத்தால் சலுகையா?

பிறப்புச் சலுகையை எடுத்தால் காலேஜ் கெட்டுவிடும் என்பார்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலை அதை 2014ல் எடுத்துவிட்டது. 2009ல் 100க்கு 9 பேராயிருந்த ஏழைகளுக்கான சர்க்கார் உதவி பெறத்தக்க மாணவர்கள், 2019ல் 19 பேரானார்கள். கட்டடம் இடியவில்லை, கீர்த்தியும் குறையவில்லை. கலிபோர்னியா ராஜ்யமும் 2024ல் பிறப்புச் சலுகை, நன்கொடைச் சலுகை இரண்டையும் தனியார் காலேஜுகளில் தடுத்துச் சட்டம் செய்தது. இங்குள்ள யோக்கியதைப் பிரசங்கிகள் இதை எந்த மேடையில் சொன்னார்கள்?