நடிகை தெரபிஸ்ட் ஆகக் கூடாதா?

1/ "சீரியல்ல அழுதவங்க எல்லாம் இப்போ தெரபிஸ்ட்டாம்!" இப்படி ஒரு மீம் நேத்து நாலு வாட்ஸ்அப் குரூப்ல வந்துச்சு. அதுல ஒண்ணு எங்க டாக்டர்கள் குரூப். அதனாலதான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/ பமீலா ஸ்டீபன்சன். 1979 முதல் 1982 வரை பிபிசியில் வந்த 'நாட் தி நைன் ஓ'கிளாக் நியூஸ்' காமெடி நிகழ்ச்சியால பிரிட்டனுக்கே தெரிஞ்ச முகம். பிறகு அமெரிக்கா போய், க்ளினிக்கல் சைக்காலஜியில் டாக்டர் பட்டம் வாங்கி, மனநல சிகிச்சையைத் தொழிலாக்கிக்கிட்டவர்.

3/ நம்ம ஊர்ல இதுக்கு நேர் எதிர்: டாக்டர் மாத்ருபூதம். மனநல மருத்துவர். விஜய் டிவி 'புதிரா புனிதமா'வுல வந்தார், சினிமாவுலயும் நடிச்சார். ரசிச்சோம்ல? டாக்டர் நடிச்சா திறமை, நடிகை படிச்சா மீமா? இது என்னவே நியாயம்?

4/ இப்போ மறுபக்கம். கொஞ்ச நாள் முன்னாடி அம்பாசமுத்திரம் பக்கத்துல இருந்து ஒரு அம்மா, காலேஜ் படிக்கிற மகளைக் கூட்டிட்டு வந்தாங்க. பைபோலார் நோய், மாத்திரையில நல்லா இருந்த பிள்ளை. மூணு ராத்திரி பொட்டுத் தூக்கம் இல்ல. விடியக்காலம் தனியா ஆத்தங்கரையில போய் நின்னிருக்கா.

5/ ஆன்லைன்ல ஒரு 'தெரபிஸ்ட்' மாத்திரையை நிறுத்தச் சொன்னாராம். "டிவியில வந்தவிய சொன்னா சரியாத்தானே இருக்கும் டாக்டர்?"னு அந்த அம்மா கேட்டாங்க. அவங்க மேல கோபப்பட எனக்கு மனசு வரல.

6/ அந்த நபர் டிவியில வந்தது குத்தமில்ல. படிக்காம வைத்தியம் சொன்னதுதான் குத்தம். இந்தியாவில் க்ளினிக்கல் சைக்காலஜிஸ்ட்னு தொழில் பண்ண, இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு வேணும். 1992ஆம் வருடச் சட்டம். மீறினா ஒரு வருடம் வரை சிறை, இல்லன்னா 1,000 ரூபாய் வரை அபராதம், இல்ல ரெண்டும். ஆயிரம் ரூபாய்! ஒரு ஆன்லைன் செஷனுக்கு அதைவிட அதிகமா வாங்குறவங்க இருக்காங்க.

7/ ஆனா 'தெரபிஸ்ட்', 'லைஃப் கோச்', 'ஹீலர்'னு போட்டுக்கிட்டா? ரெண்டு நாள் ஆன்லைன் வகுப்பு முடிச்சவரும் போட்டுக்கலாம். கேட்க ஆளில்ல. மீம் போடுறதா இருந்தா இந்த ஓட்டையைப் பத்திப் போடுங்க.

8/ என் சக டாக்டர்களுக்கும் ஒண்ணு. ஜனங்க ஏன் அங்க போறாங்க? நம்ம ஓபியில நோயாளி வாயைத் திறக்குறதுக்குள்ள சீட்டு எழுதிடுறோம். அந்த ஆள் முக்கால் மணி நேரம் உட்கார்ந்து கேட்டார்னு அந்தப் பிள்ளையே சொன்னா. அதுக்கு என்கிட்ட பதில் இல்ல.

9/ அதனால யார்கிட்ட போனாலும், நடிகையோ பேராசிரியரோ, மூணு கேள்வி கேளுங்க: என்ன படிச்சீங்க? எங்க பயிற்சி எடுத்தீங்க? பதிவு எண் என்ன? முறையா படிச்சவங்க கோபப்பட மாட்டாங்க. கோபப்பட்டா எழுந்து வந்துடுங்க.

10/ மாத்திரையை நிறுத்தணுமா, குறைக்கணுமா? அதை எழுதிக்கொடுத்த டாக்டர்கிட்ட மட்டும் கேளுங்க. அவசரம்னா டெலி மானஸ் 14416, இலவசம், தமிழ்லயே பேசலாம். பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கு.

11/ அந்தப் பிள்ளை மறுபடி மாத்திரை எடுக்குறா, தூங்குறா. நாளைக்கே ஒரு சீரியல் நடிகை அஞ்சு வருஷம் உட்கார்ந்து படிச்சு, பதிவு வாங்கி, நெல்லையில போர்டு மாட்டினா, அவளை நானே அங்க அனுப்புவேன்.