தலை எண்ணுவது நூலகப் பணி ஆகாது
கல்லூரி நூலகங்களை மாணவரிடம் கொண்டுசேர்ப்பது குறித்து எங்கள் சங்கச் செயற்குழுவின் நிலைப்பாடு

நூலக வருகையை உயர்த்தும்படி சில கல்லூரி நிர்வாகங்கள் இந்தப் பருவத் தொடக்கத்தில் விடுத்த சுற்றறிக்கைகள் உறுப்பினர்கள் கையில் இருக்கின்றன. அவற்றை இங்கே மறுபடி விவரிக்கத் தேவையில்லை. நாளொன்றுக்கு இத்தனை பேர் என்று இலக்கு, வாரம் ஒரு ரீல்ஸ், வாசலில் செல்ஃபி பாயின்ட், மாதக் கடைசியில் 'சிறந்த வாசகர்' பரிசு. எல்லாவற்றுக்கும் கீழே, இலக்கை எட்டாத நூலகரிடம் விளக்கம் கேட்கப்படும் என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகவே செயற்குழு இரண்டு முறை கூடியது. இரண்டாம் கூட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆயிற்று. கீழே உள்ளவை பெரும்பான்மையோர் ஏற்றுக்கொண்ட வாசகங்கள்.

நூலகத்தை விளம்பரப்படுத்துவதைச் சங்கம் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் முடியாது. 1924ல் கணக்கு வாத்தியார் வேலையை விட்டுச் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான ரங்கநாதன், 1931ல் நூலக அறிவியலுக்கான தம் ஐந்து விதிகளைப் புத்தகமாக வெளியிட்டார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்குரிய வாசகர் வேண்டும் என்ற மூன்றாம் விதியை விளக்கும் இடத்திலேயே திறந்த தட்டுகளையும் பேசினார், விளம்பரத்தையும் பேசினார். அதே 1931ல் மன்னார்குடி மேலவாசலில் கனகசபை பிள்ளை மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராக அனுப்பினார். வாசகரைத் தேடிப் போவது நம் தொழிலில் நேற்று முளைத்த யோசனை அல்ல. அதைச் சுற்றறிக்கை போட்டு நமக்குக் கற்றுத்தர வேண்டியதும் இல்லை.

எங்கள் எதிர்ப்பு தலை எண்ணிக்கைக்கு.

ஆசிரியர்களும் மாணவர்களும் நாளொன்றுக்கு எத்தனை சதவீதம் நூலகத்தைப் பயன்படுத்துகிறார்கள் என்று, கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் மதிப்பீடு கேட்டது. நேரில் வந்தவர் கணக்கையும் இணையவழி லாகின் கணக்கையும் சேர்த்தே அது கேட்டது. நிர்வாகங்களின் கண்ணில் பட்டது முதல் பாதி மட்டும்தான். அன்று முதல் நூலக வாசலில் கிடக்கும் கேட் ரிஜிஸ்டர், உள்ளே இருக்கும் அத்தனை புத்தகங்களையும்விட முக்கியமான நூலாகிவிட்டது.

ஒரு கல்லூரியில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். பார்வையாளர் குழு வருவதற்குப் பத்து நாள் முன்பு, ஒரு இரண்டாம் ஆண்டு பி.காம். வகுப்பை முழுசாக நூலக வாசலுக்கு அழைத்து வந்தார்கள். மாணவர்கள் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டார்கள். உள்ளே வராமலே வகுப்புக்குத் திரும்பிப் போனார்கள். அந்தப் பக்கத்தை எங்கள் உறுப்பினர் காட்டினார். அறுபது பெயர், ஒரே பேனா. உள்ளே வந்த நேரம் அறுபது பேருக்கும் 11.10. வெளியே போன நேரம் என்ற கட்டம் அறுபது பேருக்கும் காலி. அன்று மாலை வரை கவுன்ட்டரில் பதிவாகி வெளியே போன புத்தகங்கள் நான்கு. அவற்றில் ஒன்று ஆசிரியர் எடுத்தது.

இது ஓரிடத்துக் கதை என்று நாங்களும் நினைத்திருந்தோம். கூட்டத்தில் கேட்டபோது கை தூக்காதவர்களைத்தான் தேட வேண்டியிருந்தது. பழைய தேதிகளுக்குப் பக்கம் நிரப்பச் சொன்னதாக ஒருவர் சொன்னார். கழிவறைக்குப் போகும் வழி நூலகத்துக்குள் இருப்பதால் தம் கல்லூரியில் இலக்குக்குக் குறைவே வராது என்று இன்னொருவர் சொன்னபோது சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. முதல் வரைவில் இதற்கு 'மோசடி' என்ற சொல்லைப் போட்டிருந்தோம். சில உறுப்பினர்கள் ஆட்சேபித்ததால் 'பொய்க் கணக்கு' என்று மாற்றியிருக்கிறோம். பொருள் மாறவில்லை.

ஆகவே, நடக்காத வருகையைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லும் எந்த உத்தரவையும் உறுப்பினர்கள் ஏற்க வேண்டியதில்லை என்பது சங்கத்தின் நிலை. வாய்மொழியாகச் சொன்னால் எழுத்தில் தரும்படி கேளுங்கள். வருகை எண்ணிக்கையை ஊதிய உயர்வோடும் பணி நீட்டிப்போடும் இணைப்பதை, குறிப்பாகச் சுயநிதிப் பிரிவுகளில் இணைப்பதை, சங்கம் முற்றாக நிராகரிக்கிறது.

மாணவர் ஏன் வருவதில்லை என்று கேட்டால் பதில் பெரும்பாலும் நேர அட்டவணையிலேயே இருக்கிறது. வகுப்பு முடியும் நேரத்துக்கு நூலகமும் மூடுகிறது. அதற்கு மேல் தங்கினால் கடைசி பஸ் போய்விடும். ரங்கநாதன் நூலகத்தின் நேரத்தை நீட்டினார், தட்டுகளைத் திறந்துவிட்டார். நாமோ பையை வெளியே வைக்கச் சொல்கிறோம், ஐடி கார்டை வாங்கி வைத்துக்கொள்கிறோம், கேட்கும் புத்தகம் கண்ணாடி பீரோவுக்குள் இருக்கிறது, சாவி வைத்திருப்பவர் சாப்பிடப் போயிருக்கிறார். இந்தக் குற்றத்தில் நம் பங்கும் உண்டு. இந்த வாக்கியம் அறிக்கையில் வேண்டாம் என்றவர்களும் இருந்தார்கள். இருக்கட்டும் என்று முடிவாயிற்று.

நிஜமான வேலை எங்கே இருக்கிறது என்பதற்கு ஓர் உதாரணம் போதும். இறுதியாண்டு விலங்கியல் மாணவி ஒருத்தி புராஜெக்ட்டுக்காக ஒரு கட்டுரையைத் தேடி, பணம் கேட்கும் பக்கத்தில் முட்டிக்கொண்டு நின்றாள். கல்லூரிகளுக்கு மின்னிதழ்களையும் மின்னூல்களையும் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் அவள் கல்லூரி உறுப்பினர். அவள் பெயரில் லாகினும் உருவாக்கப்பட்டிருந்தது. அது அவளுக்குத் தெரியாது. கடவுச்சொல் வந்த மின்னஞ்சல் முகவரி, சேர்க்கையின்போது பிரவுசிங் சென்டர்காரர் போட்டுக்கொடுத்தது. நூலகர் துறைக்கே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சரிசெய்ய இருபது நிமிடம் ஆயிற்று. அடுத்த வாரம் அவள் தோழிகள் மூன்று பேர் நூலகரைத் தேடி வந்தார்கள். அந்த இருபது நிமிடம் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஏனென்றால் அவள் நூலகத்துக்கு வரவில்லை, நூலகர்தான் அவளிடம் போனார்.

ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்துக்கு 2025 முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஒன்றிய அரசு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கிறது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் அரசு நிர்வாகத்தில் உள்ள உயர்கல்வி நிறுவனங்களுக்குத் திறக்கப்பட்டிருக்கின்றன. அங்கே பணிபுரியும் உறுப்பினர்கள் துறை துறையாகப் போய் இதைச் சொல்ல நிர்வாகங்கள் நேரம் ஒதுக்கித் தர வேண்டும். தனியார் கல்லூரி மாணவர்களை வெளியே நிறுத்தியிருப்பது சரியல்ல என்பதையும் பதிவு செய்கிறோம்.

ரீல்ஸ் விஷயத்தில் இரு கருத்து நிலவுகிறது. விருப்பமுள்ளவர் செய்யலாம், கட்டாயம் கூடாது. நூலக வருகைக்கு அக மதிப்பெண் தரும் யோசனையை இப்போதைக்குப் பரிந்துரைக்க இயலவில்லை. செல்ஃபி பாயின்ட் பற்றிக் கருத்து இல்லை.

ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. சேர்க்கை காலம் வந்தால் நூலகரைப் பள்ளி பள்ளியாக, வீடு வீடாக 'கேன்வாசிங்' அனுப்புகிறார்கள். நூலகம் அந்த வாரம் பூட்டிக் கிடக்கிறது. ஓய்வுபெற்ற நூலகரின் இடம் நிரப்பப்படாமல், வேறொருவர் 'கூடுதல் பொறுப்பில்' சாவியை வைத்திருக்கும் கல்லூரிகள் இருக்கின்றன. புதுப் பதிப்பு வாங்கக் கேட்டால் நிதி இல்லை. வாசலில் வைக்கும் ஃபிளெக்ஸுக்கு மட்டும் நிதி இருக்கிறது. ஆளும் இல்லை, நேரமும் இல்லை, புத்தகமும் இல்லை என்றால் எதை விளம்பரப்படுத்தச் சொல்கிறார்கள்? நிர்வாகங்கள் இவற்றை இயன்றவரை பரிசீலிக்க வேண்டும் என்று சங்கம் கேட்டுக்கொள்கிறது. 'இயன்றவரை' என்ற சொல் நீண்ட விவாதத்துக்குப் பிறகு சேர்க்கப்பட்டது.

வருகை இலக்கு குறித்து எழுத்தில் உத்தரவு பெற்றவர்கள் அதன் நகலை அடுத்த செயற்குழுவுக்கு முன் செயலாளருக்கு அனுப்புங்கள். வாய்மொழியாக வந்திருந்தால் தேதி, நேரம், சொன்னவரின் பதவி ஆகியவற்றைக் குறித்து அனுப்புங்கள். உங்கள் பெயர் செயலாளரைத் தாண்டிப் போகாது.