வாசலுக்கு இந்தப் பக்கம்

சாம்பாரில் உப்புக் கூடிப் போனால் அது யாருடைய கைவேலை என்பது இலையில் உட்கார்ந்த மறு நிமிஷமே தெரிந்துவிடும். ஆனால் ஸ்நான அறையில் தண்ணீர் போகாமல் கணுக்கால் அளவுக்கு நின்றுவிட்டால், அதற்குப் பொறுப்பாளி யார் என்று கண்டுபிடிப்பதற்குள் இரண்டு குடித்தனங்களுக்குள் பேச்சு வார்த்தை நின்றுவிடுகிறது. வீட்டுக்காரர் குடியிருப்பவரைச் சொல்வார். குடியிருப்பவர் மாடிக்காரரைச் சொல்வார். மாடிக்காரர், "மெட்ரோ வாட்டர்காரன் தூங்குகிறான்" என்பார். இவர்கள் பேசி முடிக்கும் வரை சாக்கடை காத்திருப்பதில்லை. அது பாட்டுக்கு மேலே மேலே வந்துகொண்டிருக்கும்.

இதில் அதிகமாக அவதிப்படுகிறவள் தரைத் தளத்துக் குடித்தனக்காரி. இது அவள் ஜாதகக் கோளாறு அல்ல, தண்ணீரின் குணம். நாலு மாடிக் கழிவு நீரும் கீழே ஒரே குழாயில் வந்து சேருகிறது. அந்தக் குழாய் வாசல் பக்கம் அடைத்துக்கொண்டால், தேங்கிய தண்ணீர் எந்தத் துவாரம் எல்லாவற்றிலும் தாழ்வாக இருக்கிறதோ அதன் வழியாக வெளியே வரும். அந்தத் துவாரம் அவள் வீட்டு ஸ்நான அறையில் இருக்கிறது. "மாமி! கொஞ்ச நேரம் குழாயை மூடுங்களேன்" என்று அவள் மாடிப்படியில் நின்று கெஞ்சுவாள். "எங்காத்திலே தண்ணி நன்னாப் போறதேடீம்மா!" என்று மேலேயிருந்து பதில் வரும். நன்றாகத்தான் போகிறது, கீழ் வீட்டுக்கு!

சரி, எது யாருடையது? சென்னைப் பட்டணத்தில் தெருவுக்கு அடியில் போகும் பாதாளச் சாக்கடை, மெட்ரோ வாட்டர் என்று நாம் அழைக்கும் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தது. 1978-ல் சட்டம் போட்டு அமைத்த வாரியம் அது. காம்பவுண்டுச் சுவருக்குள் இருக்கும் குழாய், சின்னத் தொட்டிகளாகக் கட்டியிருக்கும் சேம்பர்கள், அவற்றின் மூடிகள் எல்லாம் வீட்டுச் சொந்தக்காரருடையவை. பிளாட் என்றால் அத்தனை சொந்தக்காரர்களுக்கும் பொது. கேட்டுக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே உள்ள இணைப்பில்தான் வழக்கு வளரும். அது நம் வீட்டுக்காகப் போட்டதுதான். ஆனால் தெருவைத் தோண்டும் அதிகாரம் நமக்குக் கிடையாது. அங்கே கோளாறு என்றால் வார்டு டிப்போவில் எழுதிக் கொடுத்து, அவர்கள் மூலமாகத்தான் பார்க்க வேண்டும். தெரிந்த ஆளைக் கூப்பிட்டு ராத்திரியோடு ராத்திரியாகத் தோண்டிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கடப்பாரை பக்கத்து வீட்டுக் குடிநீர்க் குழாயில் பட்டால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வாடகைக்கு இருக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றி 2019-ல் அமலுக்கு வந்த வாடகைச் சட்டத்தில் இதற்குத் தனி அட்டவணையே இருக்கிறது. குழாயை மாற்றுவது, புதிதாகப் போடுவது வீட்டுக்காரர் பாடு; சாக்கடையைச் சுத்தம் செய்வது, அடைப்பு எடுப்பது குடியிருப்பவர் பாடு. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் அந்தப்படி. அட்வான்ஸ் கொடுக்கும்போது மின் விசிறி எத்தனை, அலமாரி எத்தனை என்று எண்ணுகிறோமே, அப்போதே இதையும் ஒரு வரி எழுதிக்கொண்டால் பின்னால் மனஸ்தாபம் இல்லை.

அடைப்பு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க எஞ்சினீயர் வேண்டாம். கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கடைசிச் சேம்பரின் மூடியை ஆளை வைத்துத் திறக்கச் சொல்லுங்கள். எட்டி நின்று பாருங்கள். தலையை உள்ளே நீட்ட வேண்டாம், தீக்குச்சி கிழிக்கவே வேண்டாம். சேம்பர் காலியாக இருக்கிறதா? அடைப்பு வீட்டுக்குள்ளே, நம் பொறுப்பு. நிரம்பி வழிகிறதா? அடைப்பு அதற்கு அப்பால், தெருப் பக்கம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் அதே கதை என்றால் சந்தேகமே இல்லை, தெருக் குழாய்தான். உடனே 1916-க்குப் போன் செய்து புகார் எண்ணை வாங்கி நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். எண் இல்லாத புகாருக்கு ஆயுள் கம்மி.

தெருக் குழாயைக் குறை சொல்லுமுன் அதன் வயதையும் கொஞ்சம் நினைக்கலாம். சென்னையின் பாதாளச் சாக்கடைத் திட்டம் 1910-ல் வகுத்தது. 1961-ல் ஊரில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள், ஆளுக்கு நாளொன்றுக்கு 114 லிட்டர் தண்ணீர் என்று அன்றைய எஞ்சினீயர்கள் கணக்குப் போட்டார்கள். 1961 வந்தபோது ஜனத்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது! அப்புறம் எத்தனையோ விஸ்தரிப்பு நடந்திருக்கிறது. கொடுங்கையூர், கோயம்பேடு, நெசப்பாக்கம், பெருங்குடி என்று சுத்திகரிப்பு நிலையங்கள் வேலை செய்கின்றன. ஆனாலும் ஊர் தட்டையான ஊர். மேடு பள்ளம் இல்லாததால் கழிவு நீர் தானாக அதிக தூரம் ஓடாது. ஆங்காங்கே நீரேற்று நிலையத்தில் சேர்த்துப் பம்பு வைத்துத்தான் தள்ளுகிறார்கள்.

நம் வீட்டுக் குழாய்க்கும் இந்த ஓட்டம் முக்கியம். 4 அங்குலக் குழாய் என்றால் 40 அடி நீளத்துக்கு 1 அடியாவது சரிய வேண்டும் என்பது பழைய கணக்கு. சரிவு குறைந்தால் தண்ணீர் போய்விடும், கசடு தங்கிவிடும். வீடு கட்டும்போது வாசற்காலுக்கு நாள் பார்க்கிற நாம், மேஸ்திரி இந்தக் குழாயை எப்படிப் பதிக்கிறார் என்று ஒரு தடவையாவது ரச மட்டத்தோடு பார்க்கச் சொல்கிறோமா?

சரிவு சரியாக இருந்தும் அடைத்துக்கொள்கிறதென்றால், சமையலறைக்குள் நுழைய வேண்டியதுதான். அப்பளம் பொரித்த எண்ணெயும், டால்டாவும், நெய்ப் பாத்திரம் கழுவிய ஜலமும் சூடாக இருக்கும்போது சாதுவாகத்தான் போகும். குழாய்க்குள் குளிர்ந்ததும் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் சோப்பு, அதன்மேல் காபிப் பொடிச் சக்கை, நாலு சோற்றுப் பருக்கை, வாரி எறிந்த தலைமயிர். லண்டனில் வைட்சாப்பல் என்ற இடத்தில் 2017-ல் இப்படிச் சேர்ந்த கொழுப்புப் பாளம் 250 மீட்டர் நீளம், 130 டன் எடை! அதில் ஒரு துண்டை வெட்டி, அடுத்த ஆண்டு மியூசியத்தில் காட்சிக்கு வைத்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று பார்த்தார்களாம். நமக்கு அந்தப் பெருமை வேண்டாம். எண்ணெய்ச் சட்டியைப் பழைய காகிதத்தால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவினால் போதும்.

அதைவிடக் கெடுதல் குழந்தைகளின் டயப்பரும் சானிட்டரி நாப்கினும். ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு உப்புவதற்காகவே செய்த பொருள்கள் அவை. குழாய்க்குள் போனாலும் அந்தத் தொழிலைத்தான் செய்யும். வெட்கப்பட்டுக்கொண்டு கக்கூஸில் போட்டுத் தண்ணீரை ஊற்றிவிடும் பெண்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். அவர்கள் ஸ்நான அறையில் மூடி போட்ட குப்பைக் கூடை ஒன்று வாங்கி வைக்கத் தோன்றாத வீட்டைத்தான் சொல்வேன்.

மழைக்காலத்தில் இன்னொரு கூத்து. மொட்டை மாடித் தண்ணீரை நேரே சேம்பரில் விட்டுவிடுகிறார்கள். மழை ஜலத்துக்கு மாநகராட்சியின் வடிகால் தனி, கழிவு நீருக்கு வாரியத்தின் குழாய் தனி. மழையைச் சாக்கடையில் விட்டால் தெரு நடுவே மூடி கிளம்பிக் கொப்பளிக்கும். சாக்கடையை மழை வடிகாலில் விட்டால் அது நேரே கூவத்துக்கும் அடையாற்றுக்கும் போகும்.

இனி நான் சொல்லப் போவது கொஞ்சம் மனசுக்குக் கஷ்டமான விஷயம்.

அடைப்பு எடுக்க ஒருவர் வருகிறார். மூங்கில் பிளாச்சை விட்டுக் குத்திப் பார்க்கிறார், அசையவில்லை. மணி பத்தாகிறது. ஆபீஸுக்குப் போகிற அவசரத்தில் யாரோ ஒருவர், "உள்ளே இறங்கிப் பாரேம்பா, மேலே நூறு ரூபாய் தருகிறேன்" என்கிறார். கெட்ட எண்ணத்தில் சொன்னதல்ல. ஆனால் மூடிக் கிடந்த குழியில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் விஷ வாயு தங்கியிருக்கும். அளவு மிஞ்சினால் முதலில் மூக்கை மரக்க வைத்துவிடும், நாற்றமே தெரியாது. இறங்கியவர் இரண்டு மூச்சில் சுருண்டு விழலாம். காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் அவர் மேலேயே விழுந்து இறந்த செய்திகளைப் பத்திரிகையில் எத்தனை தடவை படித்திருக்கிறோம்! தலைமுறை தலைமுறையாகச் சில ஜாதிகளில் பிறந்தவர்களையே இந்தக் குழிக்குள் அனுப்பி வந்திருக்கிறோம் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2013-ம் ஆண்டுச் சட்டம் இதை அடியோடு தடுக்கிறது. பாதாளச் சாக்கடையோ செப்டிக் டாங்கோ, பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்கினால் முதல் தடவைக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கம்பெனிக்கும் நகராட்சிக்கும் மட்டும் உள்ள சட்டம் என்று எண்ண வேண்டாம். கூலி பேசி இறக்கும் வீட்டுக்காரருக்கும் இது பொருந்தும். "அவராகத்தான் இறங்கினார்" என்ற சமாதானம் அந்த மனிதரின் மனைவியிடம் எடுபடாது. சாக்கடையில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிய தொகையை, 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. பணம் வரும், ஆள் வரமாட்டார்.

பிளாச்சுக்கு அசையாத அடைப்பு, தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கும் ஜெட் லாரிக்கு அசையும். செப்டிக் டாங்க் உள்ள வீடுகளில் உறிஞ்சும் லாரி இருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒரு தடவை அழைத்தால் டாங்க் நிரம்பி வழியும் கட்டம் வராது. லாரிக்காரர் வந்ததும், "ஆள் இறங்கக் கூடாது, குழாய் மட்டும்தான்" என்று வாசலிலேயே சொல்லிவிடுங்கள். நாளைக்கு வருகிறேன் என்றால் நாளைக்கு வரட்டும். அன்றைக்கு ஒரு பொழுது குளியலை எதிர் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். மாடிக்காரர்களும் துணி துவைப்பதை ஒத்திப் போடலாம்.

பிளாட் சங்கக் கூட்டத்தில் பெயிண்ட் எந்த வர்ணம் என்று இரண்டு மணி நேரம் பேசுகிறார்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் எல்லாச் சேம்பர்களையும் திறந்து பார்த்துத் தூர் எடுக்க எவ்வளவு ஆகும் என்று அடுத்த கூட்டத்தில் நீங்கள் கேளுங்கள். தரைத் தளத்துக்காரி கேட்டால் அவள் சொந்தக் குறை என்று தள்ளிவிடுவார்கள். ஆகையால் மூன்றாம் மாடியிலிருந்து ஒருத்தி எழுந்து கேட்பது நல்லது.