யாரைக் கேட்டு இந்த விழா?

பங்குனி, சித்திரை வந்துவிட்டால் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் மண்டபங்களில் காதுகுத்து, கல்யாணம், பூப்புனித நீராட்டு விழா என்று ஒரே கூட்டம்தான். பிள்ளைகளுக்கோ முழு ஆண்டுத் தேர்வு நேரம்!

பங்குனி உத்திரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் திருக்கல்யாணம். மனிதரை மணக்க மாட்டேன் என்று தன் மணவாளனைத் தானே தேர்ந்தெடுத்தவள் ஆண்டாள். அவளைக் கொண்டாடும் ஊரில், ஏழாம் வகுப்புச் சிறுமியிடம் "உனக்கு இந்த விழா வேண்டுமா?" என்று யாராவது கேட்கிறார்களா? அவள் வயதுக்கு வந்த செய்தி ஃபிளெக்ஸ் போர்டில் தெருமுனையில் தொங்குகிறது. மறுநாள் வகுப்பில் கேலியைத் தாங்குவது அவள்தானே!

செய்த மொய்யைத் திரும்ப வாங்க வேண்டாமா என்பார்கள். கொடுக்கல் வாங்கல் பெரியவர்களுடையது. அதற்காக மேடையில் உட்கார வேண்டியது குழந்தையா? பேச்சுப் போட்டியில் அவள் பரிசு வாங்கியபோது வைக்காத போர்டு, இதற்கு மட்டும் எதற்கு?