மகதலேனாவின் பெயரால்

போதைக்கு அடிமையுற்ற பெண்களுக்கெனக் கிறிஸ்தவர்கள் நடத்தும் வதிவிட மறுவாழ்வு இல்லங்கள் பற்றிய விவாதம் பெரும்பாலும் இரு முனைகளில் நின்றே நடத்தப்படுகின்றது. ஒருசாரார், செபமும் வேதவாசிப்பும் மனந்திரும்புதலுமே போதுமானவை, மருத்துவம் இரண்டாந்தரமானது என்பர். மறுசாரார், மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸைத் துணைக்கழைத்து, ஓர் அபினுக்குப் பதிலாக இன்னோர் அபினைக் கொடுப்பதே இவ்வில்லங்களின் பணி என எள்ளி நகையாடுவர். இரு சாராரும் கேட்கத் தவறும் வினா ஒன்றுண்டு. அவ்வில்லத்தில் வாழும் பெண்ணின் நிலை யாது? அவள் அங்கு விருந்தினளா, கைதியா, கூலியற்ற தொழிலாளியா? இவ்வினாவுக்குக் கிடைக்கும் விடையைக் கொண்டே ஓர் இல்லத்தை மதிப்பிடுதல் வேண்டும் என்பதும், விசுவாசத்தின் பெயர் எந்த இல்லத்துக்கும் இவ்விடயத்தில் விலக்களிக்காது என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

இத்தகைய இல்லங்கள் நெடுங்காலமாகத் தாங்கிவந்த பெயர் மகதலேனா. அப்பெயரின் வரலாற்றை நோக்குதல் பயனுடையது. லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரம் மகதலேனா மரியாளை ஏழு பேய்களினின்று விடுபட்டவளாகவும், தன் பொருளைக் கொண்டு இயேசுவுக்கும் சீடருக்கும் பணிசெய்த பெண்களுள் ஒருத்தியாகவும் காட்டுகின்றது. யோவான் நற்செய்தியின்படி உயிர்த்தெழுந்தவரை முதலிற் கண்டவளும் அவளே. அவள் விலைமகள் என நற்செய்தி நூல் எதுவும் கூறவில்லை. லூக்காவின் ஏழாம் அதிகாரத்தில் வரும் பெயர் சுட்டப்படாத பாவியான பெண்ணையும், பெத்தானியா ஊர் மரியாளையும், மகதலேனாவையும் ஒருத்தியாக்கி 591இல் பிரசங்கித்தவர் பாப்பரசர் முதலாம் கிரகரி. கத்தோலிக்கத் திருச்சபை 1969இல் தன் வழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோதே இக்கலப்பைக் கைவிட்டது. பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக, துன்பத்தினின்று விடுதலை பெற்றுச் சான்று பகர்ந்த ஒரு பெண், தலைவிரிகோலமாய்க் கண்ணீர் சொரியும் பாவியாகவே மேற்குலகின் மனத்தில் நிலைபெற்றிருந்தாள்.

பெயரில் நேர்ந்த இப்பிழை நிறுவனத்தின் பிழையாகவும் வளர்ந்தது. 1758இல் இலண்டனிலும் 1767இல் டப்ளினிலும் திறக்கப்பெற்ற மகதலேன் புகலிடங்கள், கைவிடப்பட்ட பெண்களுக்குத் தங்குமிடம் அளிக்கும் நன்னோக்குடன் தோன்றியவை. பிற்காலத்தில் அயர்லாந்தில் கன்னியர் சபைகளின் கீழ் இத்தகைய புகலிடங்கள் சலவைச்சாலைகளாயின. இவை போதைக்குச் சிகிச்சையளித்த நிலையங்கள் அல்ல. வழிதவறியோர் எனக் குடும்பமும் குருமாரும் அரசும் முத்திரை குத்திய பெண்களை வைத்திருந்த இடங்கள். ஆயினும், மனந்திரும்புதலை நோக்கமாகக் கொண்ட வதிவிட நிறுவனமொன்று யாதாக மாறக்கூடும் என்பதற்கு இவை சான்றாக நிற்கின்றன. 1922 முதல் 1996 வரை ஏறத்தாழ 10,000 பெண்கள் இவற்றில் இருந்தனர் என 2013இல் வெளியான அரசாங்க அறிக்கை தெரிவித்தது. அவர்கள் கூலியின்றிப் பிறர் ஆடைகளை வெளுத்தனர். தம் விருப்பப்படி வெளியேற முடியாதிருந்தோர் பலர். சொந்தப் பெயரையே இழந்தோரும் பலர். டப்ளினின் ஹை பார்க் மடத்து நிலம் விற்கப்பட்டபோது, 1993இல், அங்கிருந்த புதைகுழிகளைத் தோண்ட அனுமதி பெறப்பட்டது 133 உடல்களுக்கு, வெளிப்பட்டவையோ 155. அயர்லாந்துப் பிரதமர் 2013 பெப்ரவரியில் பாராளுமன்றத்தில் அரசின் சார்பில் மன்னிப்புக் கோரினார். கதவும் கூலியும் பெயரும் பறிக்கப்பட்ட இடத்தில் நாளொன்றுக்கு எத்தனை முறை செபம் சொல்லப்பட்டது என்பதை எவர் பொருட்படுத்துவர்?

இங்கு போதைக்கு அடிமையான பெண்ணின் தனித்த நிலையை நாம் மனங்கொள்ளல் வேண்டும். ஆணும் பெண்ணும் ஒரே அளவு மது அருந்துமிடத்து, உடலில் நீரின் பங்கு குறைவாயிருத்தலால் பெண்ணின் குருதியிலேயே அது கூடிய செறிவை அடைகின்றது. முதற் பழக்கத்திலிருந்து அடிமைநிலைக்குச் செல்லும் காலம் பெண்களிடத்துக் குறுகியதாய் அமைவதையும் ஆய்வாளர் பலர் அவதானித்துள்ளனர். சிகிச்சையை நாடும் பெண்களுட் பெருந்தொகையினர் சிறுபராயத்திலோ மணவாழ்விலோ வன்முறைக்கு ஆளானவர்கள். பிள்ளைகளைப் பறிகொடுக்க நேரும் என்ற அச்சமே பலரைச் சிகிச்சை நிலையத்தின் வாசலை மிதிக்காது தடுக்கின்றது. குடிக்கும் ஆணுக்கு ஊர் வழங்கும் மன்னிப்பு குடிக்கும் பெண்ணுக்குக் கிட்டுவதில்லை. இவ்வேறுபாட்டை உணர்ந்தே ஜீன் கேர்க்பற்றிக் என்னும் அமெரிக்கப் பெண்மணி, மதுவினின்று மீண்ட தமது அனுபவத்தின் அடியாக, 1975இல் பெண்களுக்கெனத் தனி இயக்கமொன்றைத் தொடங்கினார். 1935இல் தோன்றிய ‘அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ்’ இயக்கம், மதுவின் முன் தான் வலுவற்றவன் என்று ஒப்புக்கொள்வதையே முதற்படியாக வைத்தது. செருக்குற்ற ஆணுக்கு அது மருந்தாகலாம். வலுவற்றவள், மாசுற்றவள் என்று அன்றாடம் கேட்டுத் தன்மதிப்பை முற்றாக இழந்த பெண்ணுக்கு அதே வாசகத்தை மீண்டும் ஓதுவதால் விளையும் பயன் யாது? பாவம் என்னும் சொல்லை முதலுரையாகக் கொள்ளும் இல்லம் எதுவும் இவ்வினாவுக்கு விடையிறுக்கக் கடமைப்பட்டுள்ளது.

எனினும், கிறிஸ்தவம் இத்துறையில் தண்டனையை மட்டுமே வழங்கியது என்று கூறுதல் வரலாற்றுக்கு மாறானது. பிரித்தானியப் பெண்கள் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவியாயிருந்த லேடி ஹென்றி சொமசெற், 1895இல் இங்கிலாந்தின் சறே மாவட்டத்து டக்ஸ்ஹேஸ்டில், மதுவுக்கு அடிமையான பெண்களுக்கென ஒரு பண்ணைக் குடியிருப்பை அமைத்தார். பெருங்கட்டடத்துக்குப் பதிலாகச் சிறு குடில்கள், திறந்தவெளி, தோட்டவேலை என்பன அதன் அடிப்படைகள். மூன்றாண்டுகளின் பின், 1898இல், இயற்றப்பட்ட குடிகாரர் சட்டம், அடிக்கடி தண்டனை பெற்றோரைச் சீர்திருத்த நிலையங்களில் அடைக்க வழிசெய்தது. அவ்வாறு அடைக்கப்பட்டோருட் பெரும்பான்மையோர் பெண்களே என்பது குறிப்பிடத்தக்கது. ஒரே நாட்டில், ஒரே காலத்தில், ஒரே நோய்க்குக் குடிலும் கொட்டடியும் அருகருகே நின்றன.

நூறாண்டுகளின் பின், 1997இல், அமெரிக்காவின் டெனசி மாநிலத்து நாஷ்வில் நகரில் பெக்கா ஸ்டீவன்ஸ் என்னும் எப்பிஸ்கோப்பல் திருச்சபைக் குருவானவர் ஓர் இல்லத்தைத் திறந்தார். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகச் சிற்றாலயத்திற் பணியாற்றிய பெண்மணி அவர். போதைக்கும் பாலியல் வணிகத்துக்கும் இரையான பெண்கள் ஈராண்டுகள் அங்கு கட்டணமின்றி வாழலாம். மருத்துவமும் ஆற்றுப்படுத்தலும் தொழிற்பயிற்சியும் பெறலாம். இல்லத்தினுள் மேற்பார்வையாளர் எவரும் தங்குவதில்லை. அங்கு வாழும் பெண்களே ஒருவருக்கொருவர் பொறுப்பு. 2001இல் தொடங்கப்பெற்ற அதன் தொழிலகத்தில் மெழுகுதிரியும் நறுந்தைலமும் செய்யும் பெண்கள் அவ்வுழைப்புக்கு ஊதியம் பெறுகின்றனர். இவ்வில்லத்துக்கு முதலில் இடப்பட்ட பெயரும் மகதலேன் என்பதே. டப்ளினில் சிறையைக் குறித்த சொல் இங்கு வீட்டைக் குறித்தது. விசுவாசம் இரு இடத்தும் இருந்தது. அதிகாரம் எவர் கையில் இருந்தது என்பதிலேதான் வேறுபாடு.

ஆதலின் மதத்தை எள்ளி நகையாடும் நண்பர்களுக்கு நாம் கூறுவது இது. மார்க்ஸ் அவ்வொப்புமையை எழுதிய 1844இல் அபின் போதைப்பொருள் மட்டுமன்று, வலிநீக்கும் மருந்துமாகும். துயருற்றோரின் வலியை அறிந்தே அவர் அதனைக் கூறினார். எவரும் வாடகைக்கு அறை கொடாத பெண்ணுக்கு ஈராண்டு கூரையளிப்பவர்களை, அவர்கள் சிலுவை அணிந்திருக்கின்றனர் என்ற காரணத்தால் மட்டும் நிராகரிப்பது முற்போக்கு ஆகாது.

செபமே போதுமென்போருக்கும் ஒன்று கூறல் வேண்டும். அபின்வகைப் போதைக்கு மெதடோன் கொண்டு சிகிச்சையளிக்கும் முறையை 1960களில் நியூயோர்க்கில் உருவாக்கியவர்கள் வின்சன்ற் டோலும் மேரி நைஸ்வாண்டரும் ஆவர். 2005இல் உலக சுகாதாரத் தாபனம் மெதடோனையும் புப்ரெனோர்பினையும் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. கருவுற்ற பெண்ணுக்கு இம்மருந்துகளே பரிந்துரைக்கப்படுகின்றன. சிலகாலம் போதையின்றியிருந்து மீண்டும் பழைய அளவை உட்கொள்பவரின் உடல் அதனைத் தாங்குந்திறனை இழந்திருக்குமாதலால், மரணம் நேரும் அபாயம் மிகுதி. இவ்வறிவு கைவசம் இருக்க, மருந்து உண்பவள் இன்னும் அடிமையே என்று கூறி அவளை வாசலில் மறிக்கும் இல்லம், தன் கொள்கையின் தூய்மைக்கு அவளது உயிரை விலையாகக் கேட்கின்றது.

போதைக்கு அடிமையானோர் ஓடிவிடுவர், பொய் கூறுவர், ஆதலின் பூட்டும் கண்டிப்பும் வேண்டும் என்பர். ஒழுங்குவிதிகள் வேண்டும் என்பதில் எமக்கு மறுப்பில்லை. அறிந்து ஏற்றுக்கொண்ட விதி வேறு, வெளியிலிருந்து பூட்டிய கதவு வேறு. உழைப்பே சிகிச்சை என்பர். அமெரிக்காவில் அலாமோ என்னும் கிறிஸ்தவ நிறுவனம், போதையினின்று மீண்டோர் உட்படத் தன்னைச் சேர்ந்தோரை உணவுக்கும் உறையுளுக்கும் மட்டும் தன் வணிகநிலையங்களில் வேலைவாங்கியது. அவர்கள் குறைந்தபட்ச ஊதியத்துக்கு உரித்துடைய தொழிலாளரே என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1985இல் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. தாம் தொண்டர்களே, ஊதியம் வேண்டாம் என்று அவர்களே கூறியும் நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை.

எனவே, எவ்வில்லத்தின் வாசலிலும் நாம் கேட்கவேண்டிய வினாக்கள் நான்கு. விரும்பியபோது அவள் வெளியேறலாமா? அவள் உழைப்புக்கு ஊதியம் உண்டா? அவளது பிள்ளைக்கு அங்கு இடமுண்டா? மருத்துவர் தந்த மருந்தை அவள் உண்ணலாமா? செபவேளை எத்தனை மணிக்கு என்பதை இவற்றின் பின்னர் கேட்கலாம். விசுவாசம் விருந்தளிப்போரின் தூண்டுதலாய் இருக்கட்டும். அதனை விருந்தினளிடம் நுழைவுக்கட்டணமாய் வசூலித்தல் தகாது. நாளை மருத்துவராகவும் சட்டத்தரணிகளாகவும் சமூகசேவையாளராகவும் இவ்வில்லங்களுக்குப் பெண்களை அனுப்பிவைக்கப் போகின்றவர்கள் இன்று இப்பல்கலைக்கழகத்தில் பயில்கின்றனர். இந்நான்கு வினாக்களையும் கேளாது ஒருத்தியையேனும் அனுப்புவதில்லை என்று அவர்கள் உறுதிகொள்ளல் வேண்டும்.