பிள்ளைக்குக் காவலா? பேய்க்குக் காவலா?

பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில் ஒரு பெண் பிள்ளை பெற்று வீடு திரும்பியவுடன், இராத்திரியில் அவளைத் தனியே விடக்கூடாதென்று துணைக்கு ஒரு கிழவியைத் தேடுகின்றார்கள். சொந்தத்தில் ஆள் இல்லாவிட்டால் கூலி பேசியாவது ஒருத்தியைக் கூட்டி வருகின்றார்கள். இது நல்ல காரியமென்றே நாமும் ஒப்புக்கொள்ளுகின்றோம். ஆனால் எதற்காக இந்தத் துணை என்று கேட்டாலோ, "காத்து கருப்பு அண்டாமல் இருக்க" என்கின்றார்கள். தலைமாட்டில் இரும்பு இருக்கின்றதா, வாசலில் வேப்பிலை இருக்கின்றதா, விளக்கு அணையாமல் எரிகின்றதா என்று பார்ப்பதே கிழவியின் வேலை. பிள்ளை அழுதால் எழுந்திருப்பவள் தாய். துணி நனைந்தால் மாற்றுபவளும் தாய். ஆகவே கூலி போவது பேயின் பேரால். தூக்கம் கெடுவது பெற்றவளுக்கு.

பிறந்த குழந்தைக்கு இரவென்றும் பகலென்றும் தெரியாது. அதன் சிறு வயிற்றுக்கு இரண்டு மூன்று மணி நேரத்திற்கு ஒருமுறை, நாளொன்றுக்கு 8 முதல் 12 தடவை வரை தாய்ப்பால் வேண்டும். இரத்தம் போய், தையல் போட்ட உடம்போடு படுத்திருப்பவள் இப்படி ஒரு மாதம் கண் விழித்தால் அவள் என்ன ஆவாள்? சில வாரங்களில் அவளே மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரிப் பக்கம் போக வேண்டியவள் அல்லவா? வலை கிழிந்தால் உட்கார்ந்து முடிகின்றோம். படகு ஓட்டையானால் கரையேற்றிப் பழுது பார்க்கின்றோம். பெண்ணின் உடம்பு மட்டும் பழுது பார்க்காமலே ஓட வேண்டுமாம்! இது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

"எங்கள் பாட்டிமார் பத்துப் பன்னிரண்டு பெற்றார்களே, அவர்கள் ஆள் வைத்துக்கொண்டார்களா?" என்று சிலர் கேட்கின்றார்கள். பத்துப் பெற்ற பாட்டி எத்தனையைப் புதைத்தாள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். அன்றியும் பாட்டிமார் ஆள் வைக்காமலும் இல்லை. ஊருக்கு ஊர் மருத்துவச்சி இருந்தாள். பிள்ளையை முதலில் கையில் ஏந்தியவள் அவள். தொப்புள் கொடி அறுத்தவள் அவள். தீட்டுத் துணி வெளுத்தவளும் பிறிதொரு "கீழ்ச்சாதி"க்காரியே. உயிரைக் காத்துக் கொடுத்தவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் அரிசியும் ஒரு பழம்புடவையும். தீட்டுக் கழித்த மறுநாள் முதல் அவள் வாசற்படி தாண்டக் கூடாது! ஒரு உயிரைத் தொட்டுத் தூக்கியபோது இல்லாத தீட்டு, அந்த உயிர் பிழைத்த பிறகு எங்கிருந்து வந்தது?

நிற்க, இரவில் துணைக்கு வருகின்றவளுக்கு விஷயம் தெரியாவிட்டால் அதுவும் ஆபத்தே. பிள்ளை அழுதால் சர்க்கரைத் தண்ணீர் ஊட்டுவதும், நாக்கில் தேன் தடவுவதும், மருந்து உரைத்து ஊற்றுவதும் நம் ஜனங்களுக்கு வழக்கமாயிருக்கின்றன. முதல் ஆறு மாதம் தாய்ப்பாலைத் தவிரத் தண்ணீர்கூட வேண்டியதில்லை என்றும், ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் அதிலுள்ள நுண்கிருமி குழந்தையின் நரம்புகளையே முடக்கக்கூடும் என்றும் வைத்திய சாஸ்திரம் சொல்லுகின்றது. பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், உடம்பு சுட்டாலும், சில்லிட்டாலும், மூச்சு வாங்கினாலும் அது பட்சி தோஷமுமல்ல, கண் திருஷ்டியுமல்ல, நோய். விடியட்டும், பூசாரியைக் கேட்போம் என்று காத்திருந்தால் விடிவது பிணத்தின்மேல்தான். 108 வண்டியைக் கூப்பிட நடுநிசியிலும் காசு வேண்டியதில்லை. அந்த மூன்று எண் தெரிந்த கிழவி ஆயிரம் மந்திரம் தெரிந்த பூசாரியைவிட மேலானவள் என்போம்.

இனி ஆண்பிள்ளைகளைக் கேட்கின்றோம். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் "பாடு" என்று ஓர் ஏற்பாடு இருக்கின்றது. ஏரியில் நல்ல இடம் எல்லாருக்கும் கிடைக்கவேண்டுமென்று சீட்டுப்போட்டு, இன்றைக்கு இவன், நாளைக்கு அவன் என்று முறை வைத்து வலை கட்டுகின்றார்கள். ஒரே சாதி ஆண்களுக்கே இதில் பங்கு என்ற குற்றம் இருந்தபோதிலும், முறை வைக்கும் புத்தி போற்றத்தக்கதே. ஏரியை முறை வைத்துப் பங்கிடத் தெரிந்தவனுக்கு, தன் வீட்டுத் தொட்டிலை முறை வைத்துப் பங்கிட மட்டும் ஏன் தெரியவில்லை? பாடு இல்லாத நாளில் அவன் எழுந்து துணி மாற்றிப் பிள்ளையைத் தாயிடம் கொடுத்து, குடித்தபின் தோளில் போட்டுத் தட்டி, மல்லாக்கப் படுக்க வைத்தால் எந்த மீசை உதிர்ந்துவிடும்? அவன் குறட்டை விட, பத்து வயது மூத்த பெண் கண் விழித்து மறுநாள் பள்ளிக்கூடத்தை விடுகின்றாளே, அதுதான் வீட்டிற்கு வரும் உண்மையான தோஷம்.

வசதியுள்ளவர்கள் இரவுக்கு ஆள் வைப்பதை நாம் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அவளும் பெண். வெள்ளைக்காரர் காலத்தில் நம் பெண்கள் ஆயாக்களாகக் கப்பலேறி, துரைகளின் பிள்ளைகளை இராப்பகலாய்த் தூக்கிச் சென்றார்கள். சீமை சேர்ந்ததும் சிலர் வேலையும் திரும்பக் கப்பற்கூலியும் இன்றிக் கைவிடப்பட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் தங்குவதற்கென்றே இலண்டனில் ஓர் ஆயாக்கள் இல்லம் இருந்தது. ஹாக்னியில் அது இருந்த கட்டிடத்தில் 2022-ல்தான் நினைவுப் பலகை வைத்தார்கள். இன்று நாம் அதே துரைத்தனத்தைச் செய்யலாமா? பேசிய கூலியைப் பேசியபடி கொடு. பகலில் அவள் தூங்க விடு. சாதி கேட்டுத் தனித் தட்டு வைக்காதே.

கூலி கொடுக்க முடியாத குப்பத்துப் பெண்ணுக்கு என்ன வழி? 2017-ல் பிரசவச் சட்டத்தைத் திருத்தி, சம்பளத்தோடு கூடிய விடுமுறையை 26 வாரமாக்கினார்கள். ஆனால் சம்பளம் கொடுக்க முதலாளியே இல்லாத மீன்காரிக்கு அதனால் என்ன பயன்? டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் நம் மாகாண சர்க்கார் தரும் பிரசவ உதவி 2018-ல், பெட்டகங்களையும் சேர்த்து, 18,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தப் பணம் நல்ல உணவுக்கும் இராத்துணைக்கும் போகவேண்டுமேயன்றிப் புண்ணியதானத்திற்கும் பெயர்சூட்டு விருந்திற்கும் போகக்கூடாது. 1613-ல் பழவேற்காட்டில் கோட்டை கட்டிய டச்சுக்காரர்களின் தேசத்தில் இன்று, பயிற்சி பெற்ற தாதி ஒருத்தி சுமார் எட்டு நாள், நாள்தோறும் சில மணி நேரம் பிள்ளை பெற்றவளின் வீட்டிற்கே வருகின்றாள்; செலவில் பெரும்பகுதி பொதுக் காப்பீட்டைச் சேர்ந்தது. தகப்பனுக்கு 2019 முதல் ஒரு வாரம் முழுச் சம்பளத்தோடு விடுமுறை. அவர்கள் விட்டுச் சென்ற கல்லறைகளை வேடிக்கை பார்க்கும் நாம், இதையும் சிறிது பார்க்கலாமே!

ஆகவே தோழர்களே! துணை வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. துணை வேண்டும், ஆனால் அது தாய்க்கு வேண்டும். அரிவாளைக் கொல்லையில் வையுங்கள். அந்த இடத்தில் தகப்பன் உட்காரட்டும்.